ஹார்ஸ்லி பார்க்கின் இரண்டு அப்பாக்கள் – ஐந்து வருடம் ஆகிவிட்டது

டூங்காபிக்காரன் | 19 டிசம்பர் 2024, இரவு 9:40

இன்றோடு ஐந்து வருடம். 2019 டிசம்பர் 19, வியாழக்கிழமை. இரவு பதினொன்றரை மணி வாக்கில், சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டன் என்ற சின்ன ஊர்ப் பக்கம், தீயணைப்பு வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கிரீன் வாட்டில் கிரீக் காட்டுத்தீ. ஒரு மரம் சாய்ந்து வழியில் விழுந்தது. ஒரு வண்டி சாலையை விட்டு விலகி உருண்டது. உள்ளே ஐந்து பேர். பின்னால் இருந்த மூன்று பேர் காயத்தோடு தப்பினார்கள். முன்னால் இருந்த இரண்டு பேர் அங்கேயே இறந்துபோனார்கள்.

ஜெஃப்ரி கீட்டன், வயது 32. ஆண்ட்ரூ ஓட்வையர், வயது 36. இருவரும் சிட்னியின் மேற்கோரத்து ஹார்ஸ்லி பார்க் பிரிகேட், அதாவது அந்த ஊர்த் தீயணைப்புக் குழு. இருவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஓட்வையர் 2003இல் சேர்ந்தவர், கீட்டன் 2006இல். இருவருக்கும் வீட்டில் ஒன்றரை வயதைக் கொஞ்சம் தாண்டிய ஒரே குழந்தை. ஒருவருக்கு மகன், இன்னொருவருக்கு மகள். பிள்ளைகள் இருவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவர்கள்.

என் வீட்டிலிருந்து ஹார்ஸ்லி பார்க் காரில் இருபது நிமிடம்தான். அந்த டிசம்பர் இங்கே இருந்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். முந்தின நாள், 18ஆம் தேதி, ஆஸ்திரேலியா முழுவதற்கும் சராசரி அதிகபட்ச வெப்பம் 41.9 டிகிரி. 19ஆம் தேதி எங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். அன்று இரவு என் மகளுக்கு இருமல். ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைச் செருகி வைத்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். அவளும் 2018இல் பிறந்தவள்தான். மறுநாள் காலை செய்தி பார்த்தபோது அந்த "19 மாதக் குழந்தை" என்ற சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதி வந்தால் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொள்வேன். இந்த வருடம் உங்களோடும் பேசலாம் என்று தோன்றியது. அவர்களை நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.

---

யாழ்மகள் | 19 டிசம்பர் 2024, இரவு 10:15

மறக்கக்கூடிய ஆக்களா அண்ணை? நான் வென்ட்வொர்த்வில்லில் இருக்கிறேன். அந்தக் கிழமை முழுக்க ஒழுங்கான நித்திரை இல்லை.

ஜெஃப்ரி கீட்டனின் இறுதிச் சடங்கு 2020 ஜனவரி 2ஆம் திகதி. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. அப்பாவின்ர சீருடையைப் போலவே சின்னதாய் ஒரு சீருடை, வாயில் சூப்பான், அப்பிடியே பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தப் பொடியன். தீயணைப்பு ஆணையர் ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் பிள்ளையின்ர உயரத்துக்கு முழங்காலில் நின்று சட்டையில் பதக்கத்தைக் குத்திவிடுகிறார். பெட்டிக்குப் பக்கத்தில், அப்பாவுக்குப் பிள்ளை அன்பு சொல்கிற வாசகத்தோட ஒரு கோப்பை. அந்தக் கோப்பையைப் பார்த்தவுடன் நான் உடைஞ்சுபோனேன். என்ர அவரும் அப்பிடி ஒரு கோப்பையில்தான் விடிய தேத்தண்ணி குடிக்கிறவர்.

ஐந்து நாள் கழிச்சு, 7ஆம் திகதி, ஹார்ஸ்லி பார்க் தேவாலயத்தில் ஆண்ட்ரூ ஓட்வையருக்கு. வெள்ளைச் சட்டை போட்ட மகள் அப்பாவின்ர ஹெல்மெட்டைத் தலையில் வைச்சுக்கொண்டு பெட்டியைச் சுத்தி நடந்தவள். அவளுக்கும் பதக்கம் குத்தினார்கள்.

---

ஈரோட்டு_அம்மா | 20 டிசம்பர் 2024, காலை 7:05

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இவர்களைப் பற்றி இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை.

சம்பளம் இல்லை, கட்டாயமும் இல்லை. வீட்டில் பத்தொன்பது மாதக் குழந்தை. அப்படி இருக்கும்போது ஏன் போக வேண்டும்? நல்ல குடும்பத் தலைவர் என்று சொல்கிறோம். குடும்பத்துக்காக ஒரு வருடம் "நான் வரவில்லை" என்று சொல்லியிருக்கலாமே. அந்தக் குழந்தைக்குப் பதக்கத்தை விட அப்பா தேவை இல்லையா? என் கணவர் மின்வாரியத்தில் லைன் வேலை. புயல் என்றால் கம்பத்தில் ஏறியாக வேண்டும், அது அவர் வேலை. வேலையே இல்லாத ஒருவர் ஏன் ஏற வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

---

நெய்தல்நிலம் | 20 டிசம்பர் 2024, காலை 8:30

ஈரோட்டு அம்மா கேட்டதுதான் எனக்கும் தோன்றியது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

---

மஞ்சள்சட்டை | 20 டிசம்பர் 2024, மாலை 6:50

இந்த இழையைக் காலையிலேயே பார்த்தேன். வேலை முடிந்து வந்து நிதானமாக எழுதலாம் என்று விட்டேன். நான் சிட்னியின் ஓரத்தில் ஒரு பிரிகேடில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பகலில் கம்ப்யூட்டர் வேலை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கீட்டனையும் ஓட்வையரையும் நேரில் பழகியதில்லை, அதனால் அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்லக் கூடாது. என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். "வேலையே இல்லாத ஒருவர்" என்று சொன்னீர்கள். இங்கே காட்டுத்தீயை அணைப்பது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான். நியூ சவுத் வேல்ஸ் ரூரல் ஃபயர் சர்வீஸில், அதாவது ஊரகத் தீயணைப்புச் சேவையில், எழுபதாயிரத்துக்கும் மேல் தன்னார்வலர்கள், ஏறக்குறைய இரண்டாயிரம் பிரிகேட். பெரிய ஆபீஸ் வைத்து மேலிருந்து தொடங்கியதில்லை இது. 1890களிலேயே பெரிகன் மாதிரி ஊர்களில் விவசாயிகள் தங்கள் நிலத்தையும் பக்கத்து நிலத்தையும் காப்பாற்றச் சேர்ந்து ஆரம்பித்தது. 1997இல்தான் சட்டம் போட்டு ஒரே அமைப்பாக்கினார்கள். நான் போகாவிட்டால் சம்பளக்காரர் ஒருவர் போவார் என்ற நிலை நகரத்துக்கு வெளியே பல இடங்களில் கிடையாது. நான் போகாவிட்டால் அந்த வண்டியில் ஒரு இருக்கை காலி. சில நாள் ஆள் போதாமல் வண்டியே கிளம்பாது.

இரண்டாவது, யாரும் குழந்தை பிறந்த பிறகு வீரம் வந்து சேர்வதில்லை. ஓட்வையர் இறந்தபோது பதினாறு வருடம் ஆகியிருந்தது. கீட்டன் பதின்மூன்று வருடம், துணை கேப்டன் வேறு. அந்தப் பதினாறு வருடமும் செய்தியில் வராது. அது எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். வாரம் ஒரு மாலை பயிற்சி. குழாயைச் சுருட்டுவது, பம்பை ஓட்டிப் பார்ப்பது, வண்டியில் எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது. குளிர்காலத்தில் சனி ஞாயிறுகளில் காய்ந்த சருகையும் புதரையும் கட்டுப்பாட்டோடு நாமே எரித்துவிடும் வேலை. விடியற்காலை இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் கார் மோதிக் கிடக்கும், ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புல் தீ, குப்பைத் தீ, புயலில் விழுந்த மரம். மறுநாள் காலை ஒன்பதுக்கு ஆபீஸ்.

என் வீட்டு வாசலில் பூட்ஸ் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். கால்சட்டையைப் பூட்ஸ் மேல் சுருட்டி வைத்திருப்பேன், காலை உள்ளே விட்டு அப்படியே மேலே இழுத்தால் போதும். போன் ஒரு விதமாக அலறும். என் மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அந்தச் சத்தம் தெரியும், ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றால் நான் ஒன்பது வருடம் இதில் இருந்திருக்க முடியாது. புகை நாற்றம் அடிக்கும் துணிக்கென்று தனி வாளி வைத்திருக்கிறாள். நான் திரும்பி வந்து ஷூவைக் கழற்றும் வரை தூங்க மாட்டாள். அவளும் அந்த பிரிகேடில் பெயர் எழுதாத ஒரு ஆள்தான்.

மூன்றாவது, அந்த மரம். இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வெளியில் இருப்பவர்கள் தீயணைப்பு வீரர் என்றால் தீப்பிழம்புக்குள் பாய்ந்து செத்தார் என்று நினைக்கிறார்கள். எங்களுக்குப் பிழம்பை விட மரத்தைக் கண்டால்தான் அதிக பயம். யூகலிப்டஸ் மரத்தில் அடியில் ஒரு பொந்து இருந்தால் போதும், தீ அதற்குள் போய்ப் புகைபோக்கி மாதிரி உள்ளேயே மேலே ஏறும். வெளியே பட்டை நன்றாகத்தான் இருக்கும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பெரிய தீ கடந்து போன பிறகு நாங்கள் கருகின இடத்தில் நடந்து மிச்சக் கங்கை அணைப்போம். கையுறையைக் கழற்றிப் புறங்கையை மரத்தின் பக்கத்தில், படாமல், நீட்டுவோம். சூடு தெரிந்தால் உள்ளே தீ இருக்கிறது. இரவில் என்றால் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்போம், உச்சிக் கிளையில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா என்று. ஓடுகிற வண்டியிலிருந்து இதை எதையும் செய்ய முடியாது. அவ்வளவு கவனமாக இருப்பவர்களுக்கும் வழியில் ஒரு மரம் சாயலாம்.

ஆக, அவர்கள் குழந்தையை மறந்துவிட்டு சாகத் துணிந்து போனவர்கள் என்று நினைக்காதீர்கள். பதின்மூன்று, பதினாறு வருடமாகப் போய்ப் போய்த் திரும்பி வந்தவர்கள். அன்றைக்கும் திரும்பி வரத்தான் போனார்கள்.

---

டூங்காபிக்காரன் | 20 டிசம்பர் 2024, இரவு 8:10

மஞ்சள்சட்டை, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் மகள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

---

பழையபேப்பர் | 20 டிசம்பர் 2024, இரவு 9:25

யாழ்மகள் சொன்ன பதக்கப் படத்தில் இன்னொரு அப்பாவும் இருக்கிறார், அது பலருக்குத் தெரியாது.

முழங்காலிட்டு நிற்கும் அந்த ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸின் தந்தை ஜார்ஜ். தேசியப் பூங்கா சேவையில் வேலை பார்த்தவர். 2000ஆம் ஆண்டு ஜூன் 8, சிட்னிக்கு வடக்கே மவுண்ட் குரிங்காய் பக்கம். மேலே மஞ்சள்சட்டை சொன்னாரே, கட்டுப்பாட்டோடு எரிப்பது, அந்த வேலையில்தான். தீ கைமீறியது. நான்கு பேர் இறந்தார்கள், ஜார்ஜ் அதில் ஒருவர். மகன் ஷேன் 1985இலேயே, பதினைந்து பதினாறு வயதில், டஃபீஸ் ஃபாரஸ்ட் பிரிகேடில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். அப்பா தீயில் போன பிறகும் விட்டுவிட்டுப் போகவில்லை. 2007இல் ஆணையர் ஆனார்.

ஓட்வையரின் மகளிடம் ஷேன், உன் அப்பா சிறப்பான மனிதர், அவர் ஒரு ஹீரோ என்பதால்தான் உன்னை விட்டுப் போனார் என்ற பொருளில் அவர் சொன்னதாக அப்போது படித்தேன். வேறு அதிகாரி சொல்லியிருந்தால் சடங்குக்குச் சொன்னது என்று கடந்து போயிருப்பேன். அப்பாவைத் தீயில் கொடுத்த ஒரு மகன் சொன்னது அது. அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

---

காக்கிமகள் | 21 டிசம்பர் 2024, காலை 6:20

ஈரோட்டு அம்மாவுக்கு. என் அப்பா தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை நானும் சின்ன வயதில் அவரிடம் கேட்டிருக்கிறேன். தீபாவளி ராத்திரி ஒரு தடவை கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. ஊரெல்லாம் பட்டாசு, அதனால் அன்றைக்கு ஒருவருக்கும் லீவு கிடையாது. அம்மா எங்களுக்கு மத்தாப்பைக் கொளுத்திக் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். விடிந்த பிறகு அப்பா வருவார், காக்கிச் சட்டையில் கரி. முதல் வேலையாக எங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்கேயாவது சுட்டிருக்கிறதா என்று.

2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் கட்டிடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். அப்பா அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பலகாரத் தட்டு அப்படியே இருந்தது.

சம்பளம் இருப்பதற்கும் இல்லாததற்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை அம்மா. உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார் என்று கூப்பிட்டால் யாரும் சம்பளத்தை நினைத்துக்கொண்டு ஓடுவதில்லை.

---

கணக்குப்பிள்ளை | 21 டிசம்பர் 2024, காலை 11:00

நினைவுகூர்வதோடு இதையும் பேச வேண்டும். சம்பளம் முக்கியமில்லை என்று நாம் சொல்லிவிடலாம். வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கு அது முக்கியம்தான். 2019இல் பலர் வாரக்கணக்கில் தீயோடு நின்றார்கள். சட்டப்படி வேலையிலிருந்து விடுப்பு உண்டு, ஆனால் அந்த விடுப்புக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிரதமர் ஸ்காட் மோரிசன் அப்போது ஹவாயில் விடுமுறையில் இருந்தார். இந்த இருவரும் இறந்த பிறகுதான் விடுமுறையைப் பாதியில் முடித்துத் திரும்பினார். டிசம்பர் கடைசியில்தான், பத்து நாளுக்கு மேல் களத்தில் இருந்த சுயதொழில், சிறு நிறுவனத் தன்னார்வலர்களுக்கு இழந்த வருமானத்துக்கு நாளுக்கு 300 டாலர், அதிகபட்சம் 6,000 டாலர் என்று அறிவித்தார்கள். இறந்தவர்களை ஹீரோ என்று சொல்வது சுலபம். உயிரோடு இருப்பவரின் வாடகையைப் பற்றி யோசிக்க இவ்வளவு நாள் ஆகியிருக்கக் கூடாது. எனக்கு இதில் கோபம் உண்டு.

---

மஞ்சள்சட்டை | 21 டிசம்பர் 2024, மதியம் 1:15

கணக்குப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் பிரிகேடில் இதைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். சம்பளம் என்று வந்தால் நாங்கள் கூடும், வண்டி நிற்கும் அந்த ஷெட்டின் தன்மையே மாறிவிடும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். என் கருத்து: எங்களுக்குக் கூலி வேண்டாம். நாங்கள் போனதால் எங்கள் வீட்டுக்கு நஷ்டம் வரக் கூடாது. இரண்டும் ஒன்றில்லை.

---

யாழ்மகள் | 21 டிசம்பர் 2024, பின்னேரம் 4:40

காசு விஷயத்தில் ஒன்று சொல்லவேணும். நடிகை செலஸ்ட் பார்பர் முப்பதாயிரம் டொலர் சேர்ப்பம் எண்டு முகநூலில் தொடங்கினது ஐந்து கோடி டொலருக்கு மேல் போய் நிண்டது. நாங்களும் சின்னத் தொகை போட்டனாங்கள். அதை எதுக்குச் செலவழிக்கலாம் எண்டு பிறகு நீதிமன்றம் வரைக்கும் போய், 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது. இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் காயப்பட்ட ஆக்களுக்கும் உதவலாம் எண்டது அதில் இருந்தது. அதைக் கேட்டபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அதோட, மூன்றாவது ஆளையும் மறக்கக் கூடாது. அந்த இருவரும் போய்ப் பதினொரு நாளில், டிசம்பர் 30, ஜின்ஜெலிக் பக்கம் சாமுவேல் மெக்பால். வயசு 28. தீயே சுழல்காற்றாய் எழும்பித் தொன் கணக்கான வண்டியைப் புரட்டிப் போட்டது. மனைவி அப்ப முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தவ. அந்தப் பிள்ளைக்கு அப்பாவின்ர தோளில் படுத்த ஞாபகம் கூட இல்லை.

---

டூங்காபிக்காரன் | 21 டிசம்பர் 2024, மாலை 5:30

சாமுவேல் பெயரை நான் முதல் பதிவிலேயே சேர்த்திருக்க வேண்டும். நன்றி அக்கா.

---

ஈரோட்டு_அம்மா | 21 டிசம்பர் 2024, இரவு 10:20

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மஞ்சள்சட்டை தம்பி, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. காக்கிமகள், உங்கள் அப்பா கையைத் திருப்பிப் பார்ப்பதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கஜா புயலுக்கு நான் டெல்டாவுக்குப் போனப்போ நீ என்னைத் தடுத்தியா?" என்று கேட்டார். தடுக்கவில்லை. இட்லியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

உண்மையைச் சொன்னால் என் மனம் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. அந்தக் குழந்தைகள் பள்ளியில் அப்பாவைப் பற்றி எழுதச் சொல்லும்போது என்ன எழுதுவார்கள் என்றுதான் யோசனை ஓடுகிறது. ஆனால் "ஏன் போனார்" என்று இனிமேல் கேட்க மாட்டேன். இன்றைக்குச் சாமி விளக்கு ஏற்றும்போது மூன்று பேர் பெயரையும் சொன்னேன். உச்சரிப்பு சரியா என்று தெரியவில்லை.

---

மஞ்சள்சட்டை | 22 டிசம்பர் 2024, காலை 9:00

சரியாகத்தான் இருக்கும் அம்மா.

அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று கேட்டீர்கள். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். பிரிகேட் என்பது பழைய ஆட்களை விடாத இடம். எங்கள் ஷெட்டில் நாற்பது வருடத்துக்கு முந்தின போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அதில் இருப்பவர்களின் கதையை, இறந்தவர் கதையையும் சேர்த்து, யாராவது ஒரு பெரியவர் டீ போட்டுக்கொண்டே சொல்வார். அவன் எப்படி ரேடியோவில் எப்போதும் தப்பான பட்டனை அழுத்துவான், எந்தப் பாட்டைக் கத்திப் பாடிக்கொண்டு வண்டி கழுவுவான் என்று. அந்த இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து எப்போது அந்தக் கதவைத் தட்டினாலும், அப்பாவைப் பற்றிப் பதக்கத்தில் இல்லாத விஷயங்களைச் சொல்ல ஆள் இருப்பார்கள்.

---

நெய்தல்நிலம் | 22 டிசம்பர் 2024, காலை 11:45

நான் பென்ரித் பக்கம் இருக்கிறேன். 2020 ஜனவரி 4 அன்று 48.9 டிகிரி அடித்ததே, அன்றைக்கு ஏசி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவன். வெளியே யார் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வயது 41, முட்டி வலி வேறு. என்னை மாதிரி ஆளுக்கு அங்கே வேலை உண்டா? வெறுமனே கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

---

மஞ்சள்சட்டை | 22 டிசம்பர் 2024, மதியம் 12:30

உண்டு. எல்லாரும் குழாயைப் பிடிக்க வேண்டியதில்லை. ரேடியோவில் உட்கார ஆள் வேண்டும், வரைபடம் பார்க்க ஆள் வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்பி வரும் வண்டிக்குச் சாப்பாடு கட்ட ஆள் வேண்டும். நம்ம ஊர்ப் புளியோதரையை ஒரு தடவை கொண்டுபோனேன், இன்றுவரை கேட்கிறார்கள். களத்துக்குப் போக ஆசை என்றால் அடிப்படைப் பயிற்சிக்குச் சில மாதம் ஆகும், முட்டியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பக்கத்து பிரிகேட் எது என்று தனிச் செய்தியில் சொல்கிறேன். எங்களுடையதைப் பார்க்க வேண்டும் என்றால் ஜனவரியில் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு வாருங்கள். வீட்டில் எல்லாரையும் கூட்டி வாருங்கள், அவர்களும் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். மூடிய ஷூ போட்டு வர வேண்டும்.